மாத்திரை வியாபாரி தாமஸ் ஹாலோவே

கலாசாலைகளை நிறுவியோரின் சரித்திரங்களைப் படிக்குங்கால், அவர்தம் கல்விப் பெருமையையும் பக்தியையும் எதிர்நோக்கியே நாம் படிக்கத் தொடங்குகின்றோம். இங்கு நாம் சொல்லப் புகுந்தது அத்தகைய சரித்திரமன்று. இலண்டன் மாநகருக்கு மேற்கே எகாம் என்னும் ஊரின்கண், செங்கல்லாலும் வெண்கல்லாலும் எடுக்கப்பெற்று அரண்மனையெனத் தோன்றும் கலாசாலையொன்று உண்டு. பெண்மக்களின் உயர்தரக் கல்விக்கென எழுந்த அதனை 1886-ம் ஆண்டு ஜூன் மாதம் 30-ந் தேதி விக்டோரியா மகாராணியார் திறந்துவைத்தனர். அதனைக் கட்டிய செல்வம் ஒரு மாத்திரையையும் ஒரு களிம்பையும் விற்றமையால் வந்தது. அவை தீர்ப்பதாகப் பறைசாற்றிய நோய்களுட் பெரும்பாலானவற்றைத் தீர்க்கும் வன்மை அவற்றுக்கு இல்லை. அவற்றை விற்றவர் தாமஸ் ஹாலோவே.

இவர் 1800-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ந் தேதி டெவன்போர்ட்டில் பிறந்தார். தந்தையார் ரொட்டி சுட்டு விற்றவர். பின்னர்க் கார்ன்வால் நாட்டின் கடற்கரையிலுள்ள பென்சான்ஸ் பட்டினத்தில் வழிப்போக்கர் விடுதியொன்றை நடத்தினார். தாமஸ் சிலகாலம் அன்னையோடு கடையில் உழைத்து, அதில் மனம் பொருந்தாமல் பிரான்சு தேசம் சென்று அந்நாட்டு மொழி பயின்று, 1831-ல் மீண்டு இலண்டன் அடைந்தார். பிறர்க்குக் காரியதரிசியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தபின், 1836-ல் அயல்நாட்டு வியாபாரிகளுக்குத் தரகராகத் தாமே தொழில் தொடங்கினார். முப்பத்தாறு வயதாகியும் அவர் பெயரை அறிந்தார் இலர்.

அக்காலத்தில் இத்தாலியிலுள்ள டூரின் நகரத்தாராகிய பெலிக்ஸ் அல்பினோலோ என்பவர் இவரை நாடிவந்தார். அட்டைகளும் ஒருவகைக் களிம்பும் விற்பவர் அவர். இலண்டன் வைத்தியசாலைகளில் அக்களிம்பை ஏற்கச் செய்யவேண்டுமென வேண்ட, ஹாலோவே அவரை வைத்தியர்களிடம் அறிமுகப்படுத்தினார். 1837-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் தோன்றியது. அதில் விற்பனைக்கு வந்தது அல்பினோலோவின் களிம்பன்று, ஹாலோவேயின் களிம்பு! தாய்வீட்டு அடுக்களையில், தாயாரின் பாத்திரத்திலேயே அதனை முதன்முதல் காய்ச்சினார் என்பர். விளம்பரத்தோடு மிடில்செக்ஸ் வைத்தியசாலைத் தலைமை இரணவைத்தியரின் சான்றும் வெளிவந்தது. அச்சான்று தம் களிம்பைப் பற்றியதே என அல்பினோலோ பத்திரிகை வாயிலாக முறையிட்டார். முறையீட்டால் பயன் விளையவில்லை. கடனில் மூழ்கிய அவ்வித்தாலியர் இறுதியிற் சிறை புகுந்தார்.

ஹாலோவேயும் அவ்வழியே சென்றார் என்பது வியப்பான செய்தி. களிம்போடு மாத்திரையும் சேர்த்து, கையிலுள்ள பொருளுக்கு மிஞ்சி விளம்பரஞ் செய்ததனால் பத்திரிகைக்காரருக்குப் பட்ட கடன் பெருகி, வைட்கிராஸ் தெருவிலிருந்த கடனாளிச் சிறையில் இவரும் அடைபட்டார். அன்னையின் உதவியால் வெளிவந்தார். பிற்காலத்தில் கடன் கொடுத்தோர்க்கெல்லாம் முதலைத் தீர்த்து, நூற்றுக்குப் பத்து வீதம் அதிகமாகவும் கொடுத்தார் என்பர். நேர்மைதானே என்று சொல்லலாம். சொல்லும்போது அல்பினோலோவின் நினைவும் கூடவே வருகின்றது.

1840-ல் ஜேன் டிரைவர் என்னும் மங்கையை மணந்தார். வாழ்க்கைத்துணை என்னும் சொல் இவ்வம்மையாருக்கு முழுதும் பொருந்தும். விடியற்காலை நான்கு மணி முதல் இரவு பத்து மணி வரை கணவனும் மனைவியும் ஓயாது உழைத்தனர். துறைமுகங்களுக்கு ஹாலோவே நாள்தோறும் சென்று, கப்பல் தலைவரோடும் பிரயாணிகளோடும் பேசி மருந்தைக் கொடுத்தனுப்புவார். கப்பல் செல்லுமிடமெல்லாம் பெயரும் சென்றது. 1842-ல் விளம்பரத்திற்கு அவர் செலவிட்டது 5,000 பவுன். இறுதிக்காலத்தில் அஃது ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 50,000 பவுனாயிற்று. மருந்துண்ணும் முறைகள் சீனம், துருக்கி, அரபு, ஆர்மீனியம் ஆகிய மொழிகளிலும் நம் இந்திய நாட்டு மொழிகள் பலவற்றிலும் அச்சாயின.

இத்துணைப் புகழ்பெற்ற மாத்திரையில் இருந்ததென்ன? பின்னாளில் சோதித்தோர் கண்டவற்றுள் முதன்மையானது கரியபோளம். பேதியாகச் செய்யும் அச்சரக்கு நம் மூதாட்டியரும் அறிந்ததொன்றே. களிம்போ பன்றிக் கொழுப்பு, மெழுகு, எண்ணெய் முதலியவற்றின் கலவை. ஆனால் விளம்பரத்தை நோக்கினால் காசநோய், நீர்க்கோவை, சீதபேதி, காமாலை, வலிப்பு, கட்டி, கல்லடைப்பு, எல்லாவகைக் காய்ச்சலும் அடங்கிய நெடிய அட்டவணை ஒன்று காணப்படும். அதில் எக்காரணத்தால் வந்த பலவீனமாயினும் தீரும் என்பதும் ஓர் உறுதிமொழி. அட்டவணை முழுவதிலும் மிகுந்த சாமர்த்தியமுள்ள சொல் இதுவே என்பது நம் கருத்து. காய்ச்சல் தணிந்ததா என்பதைக் கைவைத்துப் பார்த்தறியலாம். பலவீனம் தீர்ந்ததா என்பதை அளக்க எக்கருவி உண்டு? உறக்கமின்மையும் மனக்கலக்கமும் நரம்புத் தளர்ச்சியும் உடையார் தம் குறையை வைத்தியரிடம் வாய்விட்டுரைக்க வெட்கினர். பெட்டியிலிருந்த மாத்திரையோ அவர்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வாங்கியவர்களை அறிவிலிகள் என்று இகழ்ந்துவிடுதல் எளிது; ஆயின் நியாயமன்று. அந்நூற்றாண்டின் முற்பகுதியில் கற்ற வைத்தியர்களே இரத்தம் வடித்தும் இரசபாஷாணங்களைப் புகட்டியும் நோயாளரை நலியச் செய்தனர். தம் மாத்திரையில் இரசம் அணுவளவும் இல்லையென ஹாலோவே விளம்பரஞ் செய்தார், அக்கூற்று மெய்யே. சிறிய பெட்டியின் விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்ஸ். வைத்தியருக்குக் கொடுக்கும் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது சொற்பம். மலச்சிக்கலால் தலைகனத்துச் சோர்ந்திருந்தவனுக்குக் கரியபோளம் அன்றே சுகம் தந்திருக்கும். தானே தீரும் நோய் தீர்ந்தபோதும் புகழ் மாத்திரைக்கே சேர்ந்தது. அவ்வொருவன் எழுதிய நன்றிக் கடிதம் பத்திரிகையில் ஏறிற்று. காசநோயாளி மாதக்கணக்கில் அதனையே நம்பியிருந்து, பேதியால் உள்ள பலத்தையும் இழந்து மாண்டால், எழுதுவதற்கு யார் இருக்கிறார்?

பெட்டியின்மேல் ஒட்டிய முத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இத்தகைய மருந்துகளுக்கு 1783-ம் ஆண்டு முதல் இங்கிலாந்து அரசாங்கத்தார் தீர்வை விதித்தனர். மேற்சொன்ன ஒன்றரைப் பென்ஸ் அத்தீர்வையே. வரி செலுத்தியதற்கு அடையாளமாகிய முத்திரையை, மருந்து நல்லதென அரசாங்கம் அளித்த சான்றெனப் பாமர மக்கள் கருதினர். பேட்டண்டு மருந்து என்னும் பெயரும் அத்தகையதே. பேட்டண்டு பெறுவோர் தம் பொருளின் செய்முறையை வெளியிடல் வேண்டும். இவரோ செய்முறையை மறைப்பதையே மூலதனமாகக் கொண்டவர். மறைமருந்துகள் பலவற்றைச் சோதித்து அவற்றின் உட்பொருளையும் அடக்கவிலையையும் பிரிட்டிஷ் வைத்திய சங்கத்தார் நூலாக வெளியிட்டது 1909-ல். ஹாலோவே இறந்து கால்நூற்றாண்டு கழிந்த பின்பு.

தம்பதிகட்கு மக்கட்பேறு இல்லை. முதுமை வந்தடைந்தபோது, குவிந்த செல்வத்தை என்செய்வதென்ற கேள்வி எழுந்தது. சித்தம் கலங்கியோருள் செல்வர்க்குத் தனி இல்லங்களும் வறியோர்க்குப் பொது விடுதிகளும் இருக்க, இடைத்தரக் குடும்பத்தார்க்குத் தக்க இடமின்மையைக் கேட்டறிந்து, வர்ஜினியா வாட்டர் என்னுமிடத்தில் ஆரோக்கிய நிலையமொன்றை எடுப்பித்தார். பெல்ஜியத்திலுள்ள ஈப்பர் நகரத்து வணிகமண்டபத்தின் சாயலில் கிராஸ்லாண்டு என்னும் சிற்பி வகுத்த அக்கட்டடத்துக்கு 3,00,000 பவுன் வரை செலவாயிற்று. நரம்புத் தளர்ச்சியை மாத்திரையாற் போக்குவதாக முப்பது ஆண்டுக்கு மேலாகச் சொல்லிவந்தவர், மனம் தளர்ந்தோர்க்குத் தூய காற்றும், சோலையும், வைத்தியர் மேற்பார்வையும் வேண்டுமெனக் கண்டு கட்டிய நிலையம் இது. தம் வியாபாரத்தைப்பற்றி அவர் உள்ளம் யாது நினைத்ததோ! மாத்திரை விற்பனையை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

1871-ல், இரண்டரை இலக்கம் பவுனோ அதற்கு மேலோ எவ்வகையிற் செலவிடுவது சிறந்ததெனப் பத்திரிகை வாயிலாகப் பொதுமக்களின் ஆலோசனையைக் கேட்டார். பெண்களுக்குக் கலாசாலை அமைக்கவேண்டுமென்னும் எண்ணம் அவர்தம் மனைவியாரால் உறுதிப்பட்டது. 1875-ல் அவ்வம்மையார் காலமாயினர். பிரான்சிலுள்ள ஷாம்போர் மாளிகையைக் கிராஸ்லாண்டு நேரிற் சென்று அளந்துவந்து, அம்மாதிரியிலேயே கலாசாலையை வகுத்தார். 1879-ல் வேலை தொடங்கிற்று. இலண்டன் சர்வகலாசாலை பெண்களுக்குப் பட்டம் அளிக்க இசைந்தது அதற்கு முந்திய ஆண்டிலேதான் என்பதை நினைத்தால் இத்துணிவின் அருமை புலப்படும். ஆண்கள் செய்யத் தயங்கிய காரியத்தைச் செய்தவர் ஒரு மாத்திரை வியாபாரி என்பதை நாம் மறுத்தற்கில்லை.

கடைசி இரண்டாண்டுகளில் கலாசாலைக்கென 77 சித்திரங்களை விலைகொடுத்து வாங்கினார். அவற்றுள் எட்வின் லாங் வரைந்த பாபிலோனிய விவாகச் சந்தையும் ஒன்று. மணமகளிரை ஏலங்கூறி விற்கும் காட்சி அது! பெண்கள் கற்கும் மண்டபத்தில் தொங்கவிட இதனை ஏன் தெரிந்தெடுத்தார் என நாம் பலமுறை எண்ணியதுண்டு.

1883-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ந் தேதி ஹாலோவே உயிர் நீத்தார். தாம் கட்டிய இரண்டில் எதன் திறப்பு விழாவையும் அவர் காணவில்லை. 1887-ல் 28 மாணவிகளோடு கலாசாலையில் படிப்புத் தொடங்கியது. 1900-ல் அஃது இலண்டன் சர்வகலாசாலையின் அங்கமாயிற்று. மாத்திரை வியாபாரத்தை 1930-ல் பீச்சம் கம்பெனியார் வாங்கிக்கொண்டனர். ஆரோக்கிய நிலையம் 1980-ல் மூடப்பட்டுப் பின்னர்க் குடியிருப்புகளாக மாறியது. கலாசாலை இன்றும் நடைபெறுகின்றது. ஆண்களும் பெண்களும் அங்கே கற்கின்றனர். அதன் முற்றமொன்றில் ஹாலோவே நிற்க, ஜேன் அம்மையார் அருகில் அமர்ந்திருக்கும் சிலையைக் காணலாம்.