திரைக்கு முன்பே எழுத்தை ஆண்டவர்: சத்யஜித் ரே

புதுதில்லி: 2021 இடைத்தேர்தலில் மம்தா பானர்ஜி வென்ற தொகுதியாகவே கொல்கத்தாவின் பவானிபூரை நம்மவர் அறிவர். அச்சுத் தொழிலில் புகழ்பெற்ற ஒரு குடும்பம் நொடிந்தபோது, அதன் வாரிசுக்கு அடைக்கலம் தந்ததும் அப்பகுதியே. அந்த வாரிசு, திரைப்பட மேதை சத்யஜித் ரே. சாகித்ய அகாதெமியின் இலச்சினை அவர் வரைந்ததே.

1921 மே 2-ல் பிறந்தார். பாட்டனார் உபேந்திரகிஷோர், ஹாஃப்டோன் அச்சு முறையைச் செம்மைப்படுத்தி ஐரோப்பாவிலும் மதிக்கப்பட்டவர். 1913-ல் 'சந்தேஷ்' சிறுவர் இதழைத் தொடங்கியவர். 1923-ல் தந்தை சுகுமார் மறைந்தார். அச்சகமும் வீடும் கைவிட்டுப் போயின. ஐந்தாறு வயதில் தாய் சுப்ரபாவுடன் பவானிபூர் பகுல்பகானில் மாமன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

சாந்திநிகேதனில் நந்தலால் போஸ், பினோத் பிகாரி முகர்ஜி ஆகியோரிடம் ஓவியம் பயின்றார். 1943-ல் டி.ஜே. கீமர் என்னும் பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில் மாதம் 80 ரூபாய்க்கு அமர்ந்தார். அங்கு ஆங்கிலேய ஊழியருக்கு ஊதியம் அதிகம், இந்தியருக்குக் குறைவு.

அவரது கை முழுமையாக விளையாடியது டி.கே. குப்தாவின் சிக்னெட் பிரஸ் நூல்களில்தான். நேருவின் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா' 1946-ல் அவர் வரைந்த அட்டையுடன் வெளிவந்தது. ஜிம் கார்பெட்டின் ஆட்கொல்லிப் புலி நூலுக்கு வங்கப் பதிப்பில் புலித்தோலையே அட்டையாக்கினார். முன்பக்கம் குண்டு துளைத்த சிறு துளை, பின்பக்கம் அது வெளியேறிய பெரிய துளை. ராமகிருஷ்ணர் வரலாற்றுக்கோ, பக்தர் போர்த்தும் நாமாவளித் துணியின் எழுத்து. நூலின் பொருளையே எழுத்தின் உருவாக்கும் இத்துணிவு அதுவரை வங்கப் பதிப்புலகம் அதிகம் காணாதது.

1955-ல் 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்தது. விளம்பர வேலையை விட்டார், தூரிகையை விடவில்லை. தம் படங்களின் சுவரொட்டிகளையும் தலைப்பெழுத்துகளையும் தாமே வரைந்தார். 'ஏக்ஷன்' இதழின் அட்டையில் அதே மூன்று எழுத்துகள் இதழுக்கு இதழ் புது வடிவில் வந்தன. ஆங்கிலத்துக்கு அவர் அமைத்த எழுத்துருக்கள் நான்கு: ரே ரோமன், ரே பிசார், டாஃப்னிஸ், ஹாலிடே ஸ்கிரிப்ட். முதலிரண்டும் 1971-ல் சர்வதேசப் போட்டியில் பரிசு வென்றன. ஆட்சியாளரின் எழுத்தைக் கற்ற நாட்டிலிருந்து ஒருவர் அவ்வெழுத்துக்கே புது வடிவம் தந்தது சிறிய செய்தி அன்று.

1992-ல் ஆஸ்கர் கௌரவ விருதும் பாரத ரத்னாவும் பெற்று, ஏப்ரல் 23-ல் காலமானார். குடும்பம் இழந்த 'சந்தேஷ்' இதழை 1961-லேயே மீண்டும் தொடங்கியிருந்தார். அதற்கும் ஓவியங்களை அவரே வரைந்தார்.