சேர் ரொபேட் மக்கரிசன்: உணவை ஆராய்ந்த வைத்தியர்

நெடுநாள் வாழவேண்டும் என்பது மக்கள் யாவர்க்கும் இயல்பாய் அமைந்த விருப்பம். முதுமையிலும் பிறர்க்குச் சுமையாகாது வாழவேண்டும் என்பது அதனினும் பெரிய விருப்பம். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்தபோது மூலிகைகளின் பெயர்களை அடுக்கினாரல்லர். உண்ணும் அளவையும் செரிக்கும் திறத்தையுமே பெரிதும் பேசினார். உணவுக்கும் நோய்க்கும் உள்ள இத்தொடர்பை ஆய்வுகூடத்திலே அளந்தும் நிறுத்தும் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் சேர் ரொபேட் மக்கரிசன். அயர்லாந்திற் பிறந்து, தமிழகத்து நீலகிரியிலே தம் வாழ்வின் சிறந்த பகுதியைச் செலவிட்ட இப்பெரியாரை மட்டக்களப்பு மக்கள் அறிந்துகொள்ளுதற்குத் தனிக் காரணம் உண்டு. அவர் ஆராய்ந்த பொருள் நம் அன்றாடச் சோறு. அவர் கண்ட முடிவோ நம் செவிக்கு இனிப்பதன்று.

மக்கரிசன் 1878ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15ஆம் நாள் வட அயர்லாந்தின் போட்டடவுன் என்னும் ஊரிற் பிறந்தார். பெல்பாஸ்ற் நகரத்துக் குயின்ஸ் கல்லூரியிற் பயின்று 1900இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இந்திய வைத்திய சேவையிற் சேர்ந்து கடல் கடந்து வந்தார். இந்தியாவின் வடமேற்கு எல்லையில், மலைக்கணவாய்களைக் காத்துநின்ற படையினர்க்கு வைத்தியராகச் சித்திரால் என்னுமிடத்தில் அமர்த்தப்பட்டார். பின்னர்க் கில்கிற் பகுதிக்கு மாறினார்.

கில்கிற்றில் கழுத்துக் கழலை நோய் மலிந்திருந்தது. ஒரே நீரோடையின் வழியே அடுத்தடுத்து அமைந்த ஊர்களை மக்கரிசன் ஒன்றுவிடாது நடந்து பார்த்தார். மேலூரில் நோயாளர் சிலர். ஓடை கீழே செல்லச்செல்ல நோயாளர் தொகையும் பெருகிற்று. மேலூரார் கழித்த அழுக்கைக் கீழூரார் பருகுகின்றனர் என்பதைக் கண்டார். கண்டதோடு அமையாது, அந்நீரின் வண்டலைத் தாமும் பருகினார். மனமுவந்து முன்வந்த சிலர்க்கும் கொடுத்தார். பருகியோருள் சிலர்க்குக் கழுத்து வீங்கிற்று. கொதிக்கவைத்துக் கொடுத்தபோது தீங்கு விளைந்திலது. அயடீன் குறைவே இந்நோய்க்குத் தலையாய காரணம் என்பது இன்று தெளிந்த முடிபாதலின், அக்காலத்து அவர் கொண்ட கருத்து முழுமையானதன்று. ஆயினும் உண்மையைத் தேடித் தம் உடலையே ஆய்வுகூடமாக்கிய துணிவு போற்றத்தக்கது.

கில்கிற்றுக்கு அப்பால் ஹுன்சா என்னும் பள்ளத்தாக்கு உண்டு. அங்கு வாழ்ந்தோர் முதுமையிலும் மலையேறித் தொழில் செய்வதைக் கண்டு மக்கரிசன் வியந்தார். தவிடு நீக்காத தானியம், கீரை, பழம், பால் ஆகியனவே அவர்தம் உணவு. ஊன் அரிதாகவே உண்பர். பிற்காலத்தார் இச்செய்தியைப் பெருக்கி, ஹுன்சா மக்கள் நூற்றிருபது ஆண்டும் அதற்கு மேலும் வாழ்ந்தனர் என எழுதினர். பிறப்புப் பதிவு இல்லாத நாட்டில் அவ்வாறு வயது கூறுதற்கு ஆதாரமில்லை. மக்கரிசன் நெஞ்சில் நிலைத்தது வயதின் எண்ணிக்கையன்று; ஒரு கூட்டத்தார் நலமாய் முதிர, மற்றொரு கூட்டத்தார் நோயோடு முதிர்வது எதனால் என்னும் வினாவேயாகும். அவ்வினாவே அவரைத் தெற்கே நீலகிரிக்கு அழைத்து வந்தது எனலாம்.

முதல் உலகப் போர்ப்பணி முடிந்து, 1918இல் அவர் குன்னூரில் ஆராய்ச்சி தொடங்கினார். அங்கிருந்த பாஸ்ரர் நிலையத்தில் அவர்க்குக் கிடைத்தது ஓர் அறை மட்டுமே. அவ்வறையிலே பெரிபெரி முதலிய, உணவுக்குறையால் வரும் நோய்களை ஆராய்ந்து, 1921இல் நூலொன்றும் வெளியிட்டார். 1923இல் அரசினர் செலவைக் குறைக்கப் புகுந்தபோது இவ்வாராய்ச்சியும் நிறுத்தப்பட்டது. இரண்டாண்டுகள் வீணாயின. 1925இல் மீண்டும் திறக்கப்பட்ட அச்சிறு நிலையமே வளர்ந்து, போசாக்கு ஆராய்ச்சிச் சாலை எனப் பெயர்பெற்றது. நோய் வந்தபின் ஆஸ்பத்திரிக்குப் பொருளை வாரி வழங்கும் அரசுகள், நோய் வாராமற் காக்கும் ஆராய்ச்சிக்குச் சில்லறை கொடுக்கவும் தயங்குதல் அன்றும் இன்றும் ஒன்றேயாம்.

குன்னூரில் அவர் ஆராய்ந்த பொருள்களுள் நமக்கு மிக நெருங்கியது அரிசி. நெல்லை அவித்துக் காயவைத்துக் குற்றும்போது, தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே ஊறிப் படிந்துவிடுகின்றது. பச்சை நெல்லை ஆலையிலிட்டு வெண்மையாகத் தீட்டும்போது அச்சத்துத் தவிட்டோடு கழிகின்றது. எஞ்சியதிலும் ஒரு பகுதியை நாம் பலகாற் களைந்து நீரோடு ஊற்றுகின்றோம். கஞ்சியை வடித்து மற்றொரு பகுதியை இழக்கின்றோம். தீட்டிய பச்சையரிசியை உண்ட ஆந்திரக் கரையோரத்தார் பெரிபெரியால் வருந்தினர். புழுங்கலரிசி உண்ட பகுதிகளில் அந்நோய் அரிதாயிருந்தது. நெல் அவித்து உரலிற் குற்றிய நம் பாட்டிமார் இக்காரணத்தை அறிந்திலர். ஆயினும் அதன் பயனைத் தம் குடும்பத்துக்கு அளித்து வந்தனர்.

மக்கரிசனுக்குப் பெரும்புகழ் தந்தவை வெள்ளெலிகள். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளைச் சமைத்து எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே ஊட்டினார். சீக்கியரது உணவு தவிடு நீக்காத கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி, வாரத்துக்கு ஒருமுறை சிறிது ஊன் ஆகியன கொண்டது. அதனை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் நிறையுற்றன. சென்னை மாகாணத்து ஏழையின் உணவை உண்டவை 155 கிராம் அளவிலே நின்றன. எல்லாவற்றுள்ளும் கடைநிலை இதுவே. மற்றோர் ஆராய்ச்சியில், நல்லுணவில் வளர்த்த 1,189 எலிகளை இரண்டேகால் ஆண்டு வரை கவனித்தார். எலியின் அவ்வாழ்நாள் மனிதர்க்கு ஏறத்தாழ முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு ஒப்பாகும். அவற்றுள் நோயால் மடிந்தது ஒன்றுமில்லை. வெள்ளைப் பாண், மாஜரீன், சீனியிட்ட தேநீர், தகரத்திலடைத்த இறைச்சி ஆகியவற்றை, இங்கிலாந்து ஏழைகள் உண்ணுமாறு, மற்றொரு கூட்டத்துக்கு ஊட்டினார். அவை வளர்ச்சி குன்றின; வளர்த்தவரைக் கடித்தன; இறுதியில் மெலிந்த தோழரையே கொன்று தின்றன.

தமிழர் உணவு கடைநிலையுற்றது எனக் கேட்டவுடன் சினங்கொள்வாரும் உளர். அவர் ஒன்றைக் கருதவேண்டும். எலி மனிதனன்று; ஊட்டியதும் தமிழர் உணவு முழுவதுமன்று. பாலும் பருப்பும் மீனும் கீரையும் வாங்க இயலாதவன் தீட்டிய சோற்றை மிகுதியாகவும் கறியைப் பேருக்காகவும் உண்ட நிலையே அங்கு நிறுக்கப்பட்டது. குறை இனத்தின் மீதன்று. வறுமையின் மீதும் ஆலையின் மீதுமாம். மக்களை உணவால் வரிசைப்படுத்திய அக்காலத்தார் இவ்வேறுபாட்டைப் போதிய அளவு வற்புறுத்தவில்லை. நாமோ அவ்வுண்மையைப் பழித்து ஒதுக்காமலும், பழம்பெருமை பேசி மறைக்காமலும் கொள்ளல் வேண்டும்.

1933இல் சேர் பட்டம் பெற்ற மக்கரிசன் 1935இல் இந்தியப் பணியினின்றும் ஓய்வுற்றார். அடுத்த ஆண்டு இலண்டனில் போசாக்கும் தேசிய நலமும் என்னும் பொருள்பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். 1945 முதற் பத்தாண்டுகள் ஒக்ஸ்போட்டில் பட்டப்பின் மருத்துவக் கல்வியை நடத்தினார். தம் எழுபதுகளிலும் உழைத்த அவர் 1960ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் மறைந்தார். குன்னூரில் அவர் நட்ட விதை 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்க்கப்பட்டு, இன்று தேசியப் போசாக்கு நிலையமாய்த் தழைத்து நிற்கின்றது.

இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி, அறுபது வயதும் அதற்கு மேலும் உடையோர் நூற்றுக்குப் பன்னிருவர்க்கு மேற்பட்டோர். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் முதியோர் இல்லாத வீடு அரிது. இம்முதியோர் உண்பது யாது? பல்லில்லை என்று பாலில்லாத் தேநீரும் பிஸ்கற்றும். பசியில்லை என்று கஞ்சி. மீனும் முட்டையும் பிள்ளைகளுக்கே என்று தாமே விலகிக்கொள்ளல். பசி குறைவதால் உடலின் தேவையும் குறைந்துவிடுகின்றது என்று எண்ணுதல் பெரும்பிழை. உடல்நிறை கிலோகிராம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் முதியோர்க்கு வேண்டும் என்பர் இக்கால உணவியலார். ஐம்பது கிலோகிராம் நிறையுள்ள மூதாட்டிக்கு அஃது ஐம்பது முதல் அறுபது கிராம் வரையாகும். சிறுநீரக நோயுற்றோர்க்கு மட்டும் வைத்தியர் வகுக்கும் அளவே அளவாம். உண்ணும் அளவு சிறுத்தவர்க்கு ஒவ்வொரு கவளமும் சத்துடையதாதல் வேண்டும்.

இதற்கெனக் கடல்கடந்து செல்லவேண்டுவதில்லை. வாவி தரும் மீனை முள்ளகற்றிக் குழைய வேகவைத்தால் பல்லிழந்தோர்க்கும் உணவாம். மட்டக்களப்பின் எருமைத் தயிர் மெல்லவும் வேண்டாதது. முருங்கையிலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் வேலியோரத்தன. பயறும் கௌபியும் நம் மேட்டுநிலத்தன. தவிடு முற்றும் போகாத புழுங்கலரிசி நம் களத்துக்கே உரியது. நிலம் நமக்குக் குறை வைக்கவில்லை. தீட்டிய வெண்மையை நாகரிகம் என்றும், முதியோர்க்கு எஞ்சியது போதும் என்றும் கொண்ட பழக்கமே குறை வைத்தது. அப்பழக்கத்தை மாற்றும் வீடுகள் தோறும் மக்கரிசனின் உழைப்பு பயன்பெறும்.