மகனுக்கு வாத்தியார் டி.கே. ராமநாதன்

டென்னிஸ் நமக்கு டி.வி.யில் பார்க்கிற விளையாட்டுதான். ஆனால் ஒரு தமிழ்க் குடும்பத்தில் அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுத்த ஆட்டம் விம்பிள்டன் வரைக்கும் போனது. அந்த அப்பாதான் டி.கே. ராமநாதன்.

அவரும் நல்ல ஆட்டக்காரர். 1937-ல் நாகர்கோவிலில் பிறந்த மகன் கிருஷ்ணனுக்குத் தன் வித்தையைக் கொடுத்தார். கிருஷ்ணனிடம் இடி மாதிரி சர்வீஸ் கிடையாது. பந்தை எங்கே வைக்கணும் என்ற கணக்கும் கையில் மென்மையும்தான் அவர் பலம். 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார். ஆசியாவில் அவரே முதல் ஆள். 1960, 1961-ல் பெரியவர்கள் பிரிவில் அரையிறுதி. 1979-ல் ராமநாதனின் பேரன் ரமேஷும் அதே சிறுவர் பட்டத்தை வென்றார்.

இதைப் படித்தபோது எனக்கு ஏக்கமாக இருந்தது. எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். டிராயிங் ஷீட்டைப் பார்த்துத் திருத்த அங்கே யாருமில்லை. ஆனால் எங்கம்மா விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காய் எடுக்கப் போறாங்க. சரம் ஒடியாமல், முற்றிய காயை மட்டும் விரலாலேயே பார்த்து எடுப்பாங்க. முரட்டுப் பலம் வேண்டாம், கைப்பதம் போதும் என்பதை அவங்களிடம்தான் கற்றேன். ஒர்க்‌ஷாப்பில் அரம் பிடிக்கும்போது அது உதவுது.

ராமநாதன் தனக்குத் தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. நாமும் படித்ததைத் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். வீட்டில் வாத்தியார் இல்லை என்ற குறை நம்மோடு தீரட்டும்!