அரையணாவில் எழுந்த அறிவுக் கோயில்

கணித மேதை ராமானுஜன் பெயரைக் கேள்விப்படாத மாணவன் நம் பாலிடெக்னிக்கில் இருக்க முடியாது. கும்பகோணத்தில் வளர்ந்த அந்த மேதையைவிட ஐந்து வயது இளையவராக, அதே தஞ்சைச் சீமையின் சீர்காழியில் பிறந்த இன்னொரு கணக்கு வாத்தியாரைப் பற்றிக் கேட்டால் மட்டும் பலரும் உதட்டைப் பிதுக்குகிறோம். இத்தனைக்கும் ராமானுஜனைப் பற்றி ஒரு நல்ல வாழ்க்கை வரலாறு எழுதியவரும் அவர்தான்!

அவர் பெயர் எஸ்.ஆர்.ரங்கநாதன். நம் ஊர்க் கிளை நூலகத்தில் பத்துப் பைசா கொடுக்காமல் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறோமே, அந்த நாற்காலிக்குப் பின்னால் அவருடைய இருபது வருட உழைப்பு இருக்கிறது. இந்திய நூலக இயலின் தந்தை என்று புத்தகங்களில் போட்டிருப்பார்கள். பட்டம் பெரிய பட்டம்தான். ஆனால் அவர் என்ன செய்தார் என்பது பட்டத்தைவிடச் சுவாரசியமானது.

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு நூலகர் கதை எதுக்குடா என்று நண்பர்கள் கேட்டார்கள். கடைசி வரை படித்துப் பாருங்கள். நம்ம டிபார்ட்மெண்ட் சமாசாரம் இரண்டு இடத்தில் வருகிறது.

கணக்கு வாத்தியார் நூலகர் ஆனார்

ரங்கநாதன் 1892 ஆகஸ்டில் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். பேச்சில் திக்கல் வேறு. வகுப்பில் எழுந்து பதில் சொல்லவே தயங்கும் பையன்களின் கஷ்டம் நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பையன் திக்கலை ஜெயித்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ.யும் கணிதத்தில் எம்.ஏ.யும் முடித்து, பேசியே பிழைக்க வேண்டிய ஆசிரியர் தொழிலுக்கு வந்தார்! மங்களூர், கோவை என்று அரசுக் கல்லூரிகளில் பணி செய்து, பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தார்.

1924 ஜனவரியில் அவரைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமித்தார்கள். அவர் நூலகப் பயிற்சி எதுவும் பெற்றவரில்லை. அன்றைக்கு இங்கே அப்படி ஒரு படிப்பே கிடையாது. கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் போனவர் அவர்.

சேர்ந்த சில நாளிலேயே அலுத்துவிட்டது. மாணவர் கூட்டத்தின் நடுவே இருந்து பழகியவருக்கு, யாருமே வராத அந்த ஹால் தனிச்சிறை மாதிரி இருந்தது. மாநிலக் கல்லூரி முதல்வரிடம் போய், பழைய வேலையையே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். நூலகப் பயிற்சிக்கு முதலில் லண்டன் போய் வா, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாம் என்று பதில் வந்தது. அந்த நிபந்தனை மட்டும் இல்லாவிட்டால் நமக்கு இன்னொரு நல்ல கணக்கு வாத்தியார் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்!

லண்டனில் கண்ட இரண்டு அதிசயம்

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் படித்துக்கொண்டே இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே பேராசிரியர்கள் மட்டும் வரவில்லை. தொழிலாளி வந்தான், வீட்டுப் பெண்கள் வந்தார்கள், குழந்தைகள் வந்தார்கள். எல்லோருக்கும் புத்தகம் கிடைத்தது. நம்ம ஊரில் ஏன் இது இல்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? எந்தச் சீமானும் மனமிரங்கிக் கொடுத்த தர்மத்தை நம்பி அவை நடக்கவில்லை. 1850-லேயே அங்கே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. சொத்தின் மதிப்பில் பவுனுக்கு அரைப் பென்னி நூலகத்துக்காக வசூலிக்கலாம் என்று ஆரம்பித்து, 1855-ல் ஒரு பென்னி ஆக்கினார்கள். 1919-ல் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். ஊரே சில்லறை சில்லறையாகப் போட்டு நடத்திய நூலகங்களைத்தான் ரங்கநாதன் பார்த்தார். இது முதல் அதிசயம்.

இரண்டாவது அதிசயம் ஒரு பொம்மைக் கடையில் நடந்தது. மெக்கானோ செட் தெரியுமில்லையா? ஓட்டை போட்ட இரும்புப் பட்டை, சக்கரம், கம்பி, நட்டு, போல்ட். ஒரே செட்டை வைத்துக் கிரேனும் செய்யலாம், வண்டியும் செய்யலாம். லண்டனில் ஒரு பெரிய கடையில் இதை வைத்து விதவிதமாகப் பூட்டிக் காட்டியதைப் பார்த்தவருக்குப் பொறி தட்டியது. அதுவரை உலகத்தில் புத்தகங்களை வகைப்படுத்திய முறைகள், முன்கூட்டியே நம்பர் எழுதிய அலமாரிப் பெட்டிகள் மாதிரி. புதுசாக ஒரு துறை பிறந்தால் அதற்குப் பெட்டி இருக்காது. பெட்டியே வேண்டாம், உதிரி பாகங்களைக் கொடுத்துவிடுவோம், புத்தகத்துக்குத் தக்கபடி பூட்டிக்கொள்ளட்டும் என்று யோசித்தார். அந்த உதிரிகளைச் சேர்க்கும் போல்ட்டாக முக்காற்புள்ளி வந்தது. அதுதான் 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. அசெம்பிளி டிராயிங் போட்டுப் பழகிய நமக்கு இது சட்டென்று புரிய வேண்டும்! 1925-ல் ஊர் திரும்பும்போது, கப்பலில் இருந்த நூலகத்தையே தன் முறைப்படி வரிசைப்படுத்திப் பார்த்தாராம் மனுஷர்.

பழைய வேலைக்கு அவர் திரும்பவே இல்லை.

மாட்டு வண்டியில் வந்த புத்தகம்

சென்னையில் அவர் முதலில் செய்த வேலை அலமாரிக் கதவைத் திறந்துவிட்டதுதான். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்து நிற்க வேண்டாம், உள்ளே போய் நீங்களே எடுத்துப் பாருங்கள் என்றார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்னின்றார். அடுத்த வருஷமே நூலகர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி. அதை 1931-ல் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது.

அந்த 1931-ல்தான் அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன. நம் பாஷையில் சொன்னால் இப்படி: புத்தகம் பூட்டி வைக்க அல்ல, புழங்குவதற்கு. எந்த வாசகனும் தனக்கான புத்தகம் இல்லாமல் திரும்பக் கூடாது. எந்தப் புத்தகமும் படிக்க ஆளில்லாமல் கிடக்கக் கூடாது. வாசகனின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளரும் உயிர், அதற்கு இடமும் இரையும் வேண்டும். படித்தால் இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் புத்தகம் தொலைந்துவிடுமோ என்று பயந்து பீரோவைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்ட காலத்தில் சொன்னது இது.

அதே வருஷம் அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலிலிருந்து ஒரு மாட்டு வண்டி கிளம்பியது. வண்டி நிறையப் புத்தகம்! சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய் மக்களுக்குப் புத்தகம் கொடுத்துவிட்டு வரும் நடமாடும் நூலகம். அதை நடத்தியவர் கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வு பெற்ற எஞ்சினீயர். நம்ம டிபார்ட்மெண்ட் சமாசாரம் இரண்டாவது இதுதான். நூலக வேலை நூலகருக்கு மட்டும் என்று அந்த எஞ்சினீயர் நினைக்கவில்லை.

உண்டியலா, சட்டமா?

ஆனால் எவ்வளவு பெரிய மனசுக்காரர் நடத்தினாலும், அவருக்குப் பிறகு என்ன ஆகும்? நம் ஊர்களில் தேர்தல் சமயத்திலும் பொங்கல் விழாவிலும் திறந்த படிப்பகங்கள் எத்தனை! ஆறு மாதம் பேப்பர் வரும். பிறகு பேப்பர்காரருக்குப் பாக்கி. பிறகு பூட்டு. பிறகு அந்தத் திண்ணையில் சீட்டுக் கச்சேரி. நான் பார்த்தவரை கட்டடம் இல்லாமல் செத்த படிப்பகத்தைவிட மாதச் செலவுக்குப் பணமில்லாமல் செத்ததுதான் அதிகம். கட்டடத்துக்குக் கல்வெட்டு உண்டு, அதனால் கொடுக்க ஆள் உண்டு. கரண்ட் பில்லுக்கு யார் பெயர் பொறிப்பார்கள்?

ரங்கநாதன் இதைக் கணக்கு வாத்தியாராக யோசித்தார் என்று நினைக்கிறேன். ஒரு தடவை வரும் பெரிய தொகையைவிட, வருஷா வருஷம் தவறாமல் வரும் சிறு தொகைதான் நூலகத்துக்கு உயிர். அது தவறாமல் வர வேண்டுமானால் சட்டத்தில் எழுதியாக வேண்டும். 1930-ல் காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டிலேயே மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை வைத்தார். 1933-ல் பஷீர் அகமது சயீத் சென்னைச் சட்டமன்றத்தில் நூலக மசோதாவைக் கொண்டு வந்தார். அது நிறைவேறவில்லை. வேறு மாகாணங்களுக்கும் ரங்கநாதன் மசோதா எழுதிக் கொடுத்தார். அவையும் எளிதில் கரை சேரவில்லை. மனுஷர் சோர்ந்து போகவில்லை.

1946-ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சரானார். அவர் ஆதரவில் வேலை மறுபடி சூடுபிடித்தது. 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாகாணம் நம்முடையதுதான்! 1950-ல் நடைமுறைக்கு வந்தது. 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகம் ஆனது. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக் குழு வந்தது.

பணம்? வீட்டு வரியில் ரூபாய்க்கு 6 தம்பிடி, அதாவது அரையணா, நூலக வரி. பதினாறு அணா வரி கட்டுகிறவர் கூட ஒரு அரையணா. இங்கிலாந்தில் அரைப் பென்னியில் தொடங்கியது இங்கே அரையணாவில் தொடங்கியது! சென்னை நகரம் நீங்கலாக மற்ற இடங்களில், வசூலாகும் வரிக்குக் குறையாத தொகையை அரசும் தன் பங்காகப் போட வேண்டும் என்றும் சட்டத்தில் எழுதினார்கள். மகாராஷ்டிரத்தில் 1967-ல் வந்த நூலகச் சட்டத்தில் இந்த வரியே கிடையாது. அதனால் அங்கே நூலகங்கள் அரசு மானியத்தையே பெரிதும் எதிர்பார்த்திருக்க வேண்டும். நம் சட்டத்தின் அருமை அப்போதுதான் புரிகிறது.

தன் பணத்தையும் போட்டவர்

சட்டம் வரும்போது ரங்கநாதன் சென்னையில் இல்லை. 1945-லேயே காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும், பிறகு டில்லிக்கும் போய்விட்டார். 1957-ல் பத்மஸ்ரீ. தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாயை, மனைவி சாரதா பெயரும் சேர்ந்து விளங்க, நூலக இயல் பேராசிரியர் பதவிக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அந்தக் காலத்து ஒரு லட்சம்! 1962-ல் பெங்களூரில் ஆவணப் பயிற்சி ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார். 1972 செப்டம்பர் 27 அன்று, எண்பது வயதில் அங்கேயே காலமானார். தமிழ்நாட்டில் பொது நூலகத் துறைக்கென்று தனி இயக்ககம் ஏற்பட்டதும் அதே 1972-ல்தான். அவர் பிறந்தநாளை ஒட்டி ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

நம் கையில் இருக்கும் ரசீது

நண்பர்களே! அந்த அரையணா இன்று ரூபாய்க்கு 10 காசு. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரி 300 ரூபாய் என்றால் நூலக வரி 30 ரூபாய். வாடகை வீட்டில் இருக்கிறோமே என்கிறீர்களா? வீட்டுக்காரர் அதையும் கணக்குப் பண்ணித்தானே வாடகை வாங்குகிறார்! இன்று தமிழ்நாட்டில் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று எண்ணிக்கை 4,000-ஐத் தாண்டுகிறது.

அப்படியும் மழையில் ஒழுகும் நூலகம் இருக்கிறது. போட்டித் தேர்வுப் புத்தகம் பத்து வருஷப் பழசாக இருக்கிறது. ஒரு நூலகரே இரண்டு நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஏன்? வரியை வசூலிப்பது உள்ளாட்சி. செலவழிக்க வேண்டியது மாவட்ட நூலக ஆணைக் குழு. வசூலான பணம் அங்கேயிருந்து இங்கே காலத்தில் வந்து சேராவிட்டால் நூலகம் பட்டினி. பல உள்ளாட்சிகள் நூலக வரியைப் பாக்கி வைத்திருக்கும் செய்தியைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறோம். டேங்கில் தண்ணீர் இருந்தும் நடுவில் வால்வு அடைத்தால் குழாயில் வருமா?

நம்மால் என்ன முடியும் என்று கேட்காதீர்கள். வாசகர் வட்டத்தில் சேரலாம். எந்தப் புத்தகம் வேண்டும் என்று நூலகரிடம் எழுதிக் கொடுக்கலாம். நம் ஊர் வசூலித்த நூலக வரி போன வருஷம் எவ்வளவு, அதில் ஆணைக் குழுவுக்குப் போனது எவ்வளவு என்று கிராம சபையில் எழுந்து கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவும் போடலாம். நூலகரைக் கோபிக்காமல், மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்க வேண்டும். இலவசமாகக் கொடுப்பதில் குறை சொல்லலாமா என்று கூச்சப்பட வேண்டியதில்லை. நூலகம் இலவசம் இல்லை. நம் அப்பா அம்மா பணம் கட்டிவிட்டார்கள்.

இந்த மலரைப் படித்து முடித்ததும் வீட்டில் அந்த ரசீதைத் தேடி எடுங்கள். நூலக வரி என்ற வரிக்கு நேரே எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, சாயங்காலம் நூலகத்துக்கு வாருங்கள். நானும் அங்கேதான் இருப்பேன்.