பிளேக் சூழ்ந்த தெருவில் ஒரு சகோதரி

1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பிளேக் என்னும் கொள்ளைநோய் ரயில் வழியாகப் பெங்களூரில் நுழைந்தது. பேட்டைப் பகுதியின் நெருக்கமான சந்துகளில் வாழ்ந்த மக்கள் வீடுவாசலைத் துறந்து வெளியேறினர். திவான் சேஷாத்ரி ஐயரின் காலத்தில் அகன்ற வீதிகளும் நல்ல காற்றோட்டமும் கொண்ட பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய புதிய குடியிருப்புகள் உருவாயின. அச்சத்தில் தவித்த மக்கள் அன்னை பராசக்தியிடம் அடைக்கலம் தேடி எழுப்பிய பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்நகரில் இன்றும் உள்ளன. பிற்காலத்தில் பெங்களூர் ஸ்ரீராமகிருஷ்ண ஆசிரமம் அமைந்ததும் அந்தப் பசவனகுடியில்தான்.

அதே 1898இல் கல்கத்தாவையும் பிளேக் பீடித்தது. அயல்நாட்டிலிருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்த ஓர் இளம்பெண் அப்போது அந்நகரில் இருந்தார். அடுத்த ஆண்டு நோய் மீண்டும் பரவியபோது, ஊரார் அஞ்சி ஒதுங்கிய குடிசைகளுக்குள் அவர் சென்றார். அவரே சகோதரி நிவேதிதை.

அழைப்பு

மார்கரெட் எலிசபெத் நோபிள் 1867ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், அயர்லாந்தின் டங்கானன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சாமுவேல் நோபிள் ஒரு கிறிஸ்தவ போதகர். ஏழைகளின் நலனுக்காக ஓயாது உழைத்த அவர் 34ஆம் வயதிலேயே காலமானார். இறைவனின் அழைப்பு வரும் நாளில் மகளைத் தடுக்காமல் அனுப்பிவைக்க வேண்டும் என்று மனைவியிடம் அவர் கேட்டுக்கொண்டதாகக் கூறுவர். அப்போது மார்கரெட்டுக்கு வயது பத்து.

படிப்பு முடிந்ததும் மார்கரெட் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். 1895ஆம் ஆண்டு நவம்பரில் லண்டன் வீடு ஒன்றில் சுவாமி விவேகானந்தரின் உரையைக் கேட்டார். கேட்டதை உடனே ஏற்கும் இயல்பு அவருக்கு இல்லை. பல நாட்கள் கேள்வி கேட்டு, ஐயுற்று, வாதாடிய பிறகே சுவாமிஜியைக் குருவாக ஏற்றார். இந்தியப் பெண்களின் கல்விக்காகத் தம்மை அளிக்க முன்வந்தார். வறுமை, வெயில், சமூகத்தின் விலக்கு, வெள்ளையரின் ஏளனம் ஆகிய அனைத்தையும் சுவாமிஜி முன்கூட்டியே எடுத்துரைத்து எச்சரித்தார். ஆயினும் மார்கரெட்டின் உறுதி தளரவில்லை.

1898ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அவர் கல்கத்தா வந்து சேர்ந்தார். மார்ச் 17 அன்று அன்னை ஸ்ரீசாரதா தேவியாரைத் தரிசித்தார். வைதிக நெறியில் வளர்ந்த அன்னையார், கடல் கடந்து வந்த அயல்நாட்டுப் பெண்களைத் தம் மகள்களாக வரவேற்று அவர்களுடன் அமர்ந்து உணவும் உட்கொண்டார். மார்ச் 25 அன்று சுவாமிஜி மார்கரெட்டுக்குப் பிரம்மசரிய தீட்சை அளித்து, 'அர்ப்பணிக்கப்பட்டவள்' என்னும் பொருள் கொண்ட நிவேதிதை என்ற பெயரைச் சூட்டினார்.

மூடிய கதவுகள்

பிளேக் 1894இல் ஹாங்காங்கிலும், 1896இல் பம்பாயிலும் பரவியது. அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தியாவில் அது ஏறத்தாழ ஒரு கோடி உயிர்களைக் கொண்டு சென்றது. எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்ற உண்மை அப்போது மருத்துவ உலகில் நிலைபெற்றிருக்கவில்லை. நோயைக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை.

1897இல் ஆங்கிலேய அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனா பரவியபோது கர்நாடக அரசு விதிமுறைகள் வகுத்ததும் இதே சட்டத்தின்கீழ்தான். 1897இல் அச்சட்டம் நடைமுறைப்படுத்தப்பட்ட விதம் மக்களுக்கு நோயைவிடக் கொடியதாகத் தோன்றியது. புனாவில் சிப்பாய்கள் வீடுகளுக்குள் புகுந்து சோதனையிட்டனர். நோயுற்றோரைப் பிரித்துக் கொண்டுசென்றனர். கல்கத்தாவிலும் அவ்வாறு நேரும் என்ற வதந்தி எழுந்தது. 1898 மே மாதத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு ஓடினர். டார்ஜிலிங்கில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த சுவாமிஜி செய்தி கேட்டுக் கல்கத்தாவுக்கு விரைந்தார். அஞ்ச வேண்டாம், தூய்மை காக்க வேண்டும், திக்கற்ற நோயாளிகளுக்குத் தொண்டு செய்யத் துறவியர் ஆயத்தமாக உள்ளனர் என்ற கருத்துகள் அமைந்த அறிக்கையை வங்காளியிலும் இந்தியிலும் வெளியிடச் செய்தார். பணம் போதாவிட்டால், மடத்துக்கென அண்மையில் வாங்கிய பேலூர் நிலத்தையே விற்றுவிடவும் அவர் தயங்கவில்லை. நல்வினையாக அவ்வாண்டு நோய் விரைவில் தணிந்தது.

நவம்பர் 13ஆம் நாள், காளிபூஜை அன்று, பாக்பஜாரின் போஸ்பாரா சந்தில் நிவேதிதையின் சிறிய பெண்கள் பள்ளியை அன்னையார் தொடங்கிவைத்தார். ஆசாரம் மிகுந்த அத்தெருவில் அயல்நாட்டுப் பெண்ணுக்கு ஒரு வேலைக்காரி கிடைப்பதுகூட எளிதாக இல்லை. வெள்ளை முகம் வாசலில் தோன்றினாலே அதிகாரம் வந்துவிட்டது என்று மக்கள் நடுங்கிய காலம் அது. அத்தகைய மக்களின் நம்பிக்கையை எவ்வாறு பெறுவது? அதற்கான சோதனை அடுத்த கோடையிலேயே வந்தது.

துடைப்பம் ஏந்திய கரம்

1899ஆம் ஆண்டு பிளேக் மீண்டும் தலைதூக்கியது. மார்ச் 31 அன்று ராமகிருஷ்ண மிஷன் பிளேக் நிவாரணப் பணியைத் தொடங்கியது. நிவேதிதை செயலாளராகவும், சுவாமி சதானந்தர் களப்பணியின் தலைவராகவும் பொறுப்பேற்றனர். ஒருகாலத்தில் ஹாத்ரஸ் ரயில் நிலைய அதிகாரியாக இருந்து, சுவாமிஜியைக் கண்டதும் அனைத்தையும் துறந்து பின்தொடர்ந்தவர் சதானந்தர். துப்புரவுத் தொழிலாளர்களுடன் சேர்ந்து அவர் சேரிகளின் குப்பையை அகற்றினார், சாக்கடைகளைச் சுத்தம் செய்தார், கிருமிநாசினி தெளித்தார். நிவேதிதை ஆங்கிலப் பத்திரிகைகள் வாயிலாக நிதி வேண்டினார். பணிகளை நாள்தோறும் மேற்பார்வையிட்டார்.

ஏப்ரல் மாதம் கிளாசிக் தியேட்டரில், சுவாமிஜியின் தலைமையில், பிளேக்கும் மாணவர் கடமையும் என்ற பொருள் பற்றி நிவேதிதை உரையாற்றினார். அதைக் கேட்ட மாணவர்களுள் பதினைந்து பேர் தொண்டர்களாகப் பதிவு செய்துகொண்டனர். அவர்கள் வீடு வீடாகச் சென்று சுகாதார விதிகளை விளக்கினர். துண்டுப் பிரசுரங்களை வழங்கினர்.

ஒரு நாள் தெருவைக் கூட்ட ஆள் வரவில்லை. நிவேதிதை துடைப்பத்தை எடுத்துத் தாமே கூட்டத் தொடங்கினார். அதைக் கண்ட அப்பகுதி இளைஞர்கள் வெட்கமுற்றனர். அவர் கையிலிருந்த பணியைத் தம் பணியாக ஏற்றனர். தூய்மைப்பணி இழிந்தது என்று எண்ணிய படித்த வாலிபர்களின் மனத்தை மாற்ற, சொற்பொழிவுகளைக் காட்டிலும் அந்தத் துடைப்பமே வலிமை உடையதாயிற்று.

குடிசையில் ஒரு குழந்தை

அந்நாளில் கல்கத்தாவில் புகழ்பெற்று விளங்கிய மருத்துவர் ராதாகோவிந்த கர். பிற்காலத்தில் அவர் பெயரால் ஒரு மருத்துவக் கல்லூரியே அமைந்தது. ஒரு நண்பகலில், நோயாளிகளைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய அவர், தமக்காக ஓர் ஐரோப்பியப் பெண் காத்திருக்கக் கண்டார். காலையில் அவர் பார்த்துவந்த பிளேக் கண்ட குழந்தையின் நிலையை அறியவே நிவேதிதை வந்திருந்தார். குழந்தையின் தாய் அந்நோய்க்கு முன்னரே பலியாகியிருந்தாள். நிலைமை மிகவும் மோசம் என்று கூறிய மருத்துவர், எச்சரிக்கையாக இருக்குமாறும் அறிவுறுத்தினார்.

பிற்பகலில் அச்சேரிக்கு மீண்டும் சென்ற மருத்துவர் வியந்து நின்றார். ஈரம் கசியும் பாழடைந்த குடிசையில், அக்குழந்தையை மடியில் கிடத்தியபடி நிவேதிதை அமர்ந்திருந்தார். இரவும் பகலும் அவர் அங்கேயே தங்கிப் பணிவிடை செய்தார். வீட்டின் தூய்மைக்காகச் சுவருக்குச் சுண்ணாம்பு பூச வேண்டியிருந்தது. ஒரு சிறிய ஏணியில் ஏறி, அதையும் தாமே செய்தார்.

இரண்டு நாட்கள் கழித்து அக்குழந்தை அவர் மடியிலேயே உயிர்நீத்தது. இறுதி வேளையில் அது அவரைத் தன் தாய் என்றே எண்ணி அழைத்தது. மருத்துவத்தால் அக்குழந்தையைக் காக்க இயலவில்லை; ஆனால் அது அநாதையாக இறக்கவில்லை. அதிகாரியாகக் கண்டு அஞ்சிய அதே வெள்ளை முகத்தை அச்சேரி மக்கள் தாயின் முகமாகக் கண்டனர். இந்தத் துயர அனுபவத்தை நிவேதிதை பின்னர் ஒரு கட்டுரையாக எழுதினார்.

சென்னைத் துறைமுகத்தில்

பள்ளியைத் தொடர்ந்து நடத்தப் பணம் இல்லாமல் போயிற்று. நிதி திரட்டுவதற்காக, 1899ஆம் ஆண்டு ஜூன் 20 அன்று சுவாமிஜியுடனும் சுவாமி துரீயானந்தருடனும் 'கோல்கொண்டா' கப்பலில் நிவேதிதை மேலைநாட்டுக்குப் புறப்பட்டார்.

கப்பல் சென்னையை அடைந்தபோது, கல்கத்தாவில் பிளேக் நிலவியதால் இந்தியப் பயணிகள் கரையிறங்கத் தடை விதிக்கப்பட்டிருந்தது. ஐரோப்பியருக்கோ அத்தடை இல்லை. பிளேக் சேரியில் பணிபுரிந்த நிவேதிதை நிறத்தால் தடைக்கு அப்பாற்பட்டவர்; அவருடைய குருதேவரோ கப்பலின் மேல்தளத்தில் நின்றபடியே அன்பர்களுக்கு ஆசி வழங்க நேர்ந்தது! அன்பர்கள் படகுகளில் கப்பலருகே வந்து தரிசித்தனர். சிக்மகளூரில் பிறந்து சென்னையில் ஆசிரியராக விளங்கிய அளசிங்கப் பெருமாளோ அத்துடன் நிறைவடையவில்லை. கொழும்பு வரை பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு கப்பலிலேயே ஏறினார். அப்பயணத்தில் சுவாமிஜியுடன் உரையாடும் பேறு பெற்றார்.

முழுமையான அர்ப்பணம்

1902இல் நிவேதிதை பாரதம் திரும்பினார். அவ்வாண்டு ஜூலையில் சுவாமிஜி மகாசமாதி அடைந்தார். அதன் பிறகும் நிவேதிதையின் பணி குன்றவில்லை. பள்ளி வளர்ந்தது. 1906இல் கிழக்கு வங்காளத்தை வெள்ளமும் பஞ்சமும் வாட்டியபோது, நீர் சூழ்ந்த கிராமங்களுக்குச் சென்று மக்களுக்கு ஆறுதல் அளித்தார்; அங்கிருந்து திரும்பியதும் மலேரியாவால் பெரிதும் நலிவுற்றார். மகாகவி பாரதியார் அவரைக் குருவாகப் போற்றி, 1908இல் வெளியிட்ட 'ஸ்வதேச கீதங்கள்' நூலை அவருக்கே சமர்ப்பித்தார். 1911ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள், டார்ஜிலிங்கில், 44 வயது நிறையும் முன்பே நிவேதிதை உடலை நீத்தார்.

நோய்க்காலத்தில் தூய்மையும் விலகியிருத்தலும் இன்றியமையாதவை. சுவருக்குச் சுண்ணாம்பு பூசிய நிவேதிதை அதை நன்கு அறிந்திருந்தார். ஆயினும் விலகியிருப்பது கைவிடுவதாக மாறிவிடக் கூடாது. அடைபட்ட வீட்டில் தனித்திருக்கும் முதியவருக்கு உணவு கொண்டுசேர்ப்பதும், ஊர் திரும்ப வழியின்றித் தவிக்கும் தொழிலாளியை விசாரிப்பதும், நோயுற்றவரின் குடும்பத்தை ஒதுக்காமல் இருப்பதும் இறைவழிபாடே ஆகும். அத்தகைய வேளையில் தயங்கி நிற்கும் நம் கால்களுக்கு, பாக்பஜார் குடிசைக்குள் நுழைந்த அந்தக் காலடிகள் என்றும் வழிகாட்டட்டும்.