குளிரில் டீசல் பிக்கப் ஸ்டார்ட் ஆகலையா? பதில் ரூடால்ஃப் டீசலின் கதையிலேயே இருக்கு!

மார்கழி அதிகாலை. வண்ணார்பேட்டையில் வாழைத்தார் ஏத்திக்கிட்டு நிற்கும் டீசல் பிக்கப், சாவியைத் திருப்பின உடனே உறுமிக்கிட்டு கிளம்பிடும். தாமிரபரணிக் கரையோரப் பனியெல்லாம் அதுக்கு ஒரு விஷயமே இல்லை.

அதே வண்டி ஊட்டியில் ஒரு ராத்திரி நின்றால் கதையே வேற. காலையில் செல்ஃப் அடிச்சா இழுத்து இழுத்துச் சுத்தும், வெள்ளைப் புகை வரும், ஆனால் எஞ்சின் பிடிக்காது. பிடிச்சாலும் மேட்டில் இழுவை இருக்காது. கேபின் ஹீட்டரைப் போட்டா குளிர்ந்த காத்துதான் வரும்.

அதே வண்டி, அதே டீசல், ஊர் மட்டும்தான் மாறியிருக்கு. அப்போ கோளாறு எங்கே? இதைப் புரிஞ்சுக்க, பெட்ரோல் பங்க்கில் தினமும் நாம் சொல்லும் பேருக்குச் சொந்தக்காரரின் வாழ்க்கையைப் பார்க்கணும். ஆமாம், டீசல் என்பது முதலில் எண்ணெயின் பேர் இல்லை. ஒரு மனிதரின் பேர்.

யார் இந்த ரூடால்ஃப் டீசல்?

1858 மார்ச் 18ஆம் தேதி பாரிஸில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் ஜெர்மனியின் பவேரியா பகுதியைச் சேர்ந்தவர்கள். தோல் பொருட்கள் செய்து பிழைத்த குடும்பம். 1870ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வெடித்ததும் பாரிஸை விட்டு லண்டனுக்குப் போக வேண்டியதாயிற்று. 12 வயது ரூடால்ஃபை மட்டும் படிப்புக்காக ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

பிறகு மியூனிக்கில் பொறியியல் படிப்பு. அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர் கார்ல் வான் லிண்டே. குளிர்பதன இயந்திரங்களின் முன்னோடி. 1880ல் படிப்பு முடிந்ததும் டீசல் சேர்ந்த வேலையும் லிண்டேவின் ஐஸ் தயாரிப்பு வேலைதான். யோசிச்சுப் பாருங்க, உலகத்தையே ஓட்டிய எஞ்சினைக் கொடுத்தவர், முதலில் சம்பளம் வாங்கினது ஐஸ் ஃபேக்டரியில்!

இது சும்மா தற்செயல் இல்லை. காற்றை அழுத்தினா சூடாகும், விரிய விட்டா குளிரும். ஃபிரிட்ஜுக்கும் டீசல் எஞ்சினுக்கும் அடிப்படை இந்த ஒரே பாடம்தான். சைக்கிளுக்குக் காத்து அடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கம் சுடுமே, அதேதான்.

ஸ்பார்க் பிளக் இல்லாத எஞ்சின்

அந்தக் காலத்து நீராவி எஞ்சின்கள் எரிக்கிற கரியின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்கின. இது டீசலை உறுத்திக்கிட்டே இருந்தது. வெறும் காற்றை உள்ளே இழுத்து, அதைப் பலமாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைக்கலாம் என்று கணக்குப் போட்டார். 1892ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1893ல் கிடைத்தது.

இன்றைய டீசல் எஞ்சினும் அப்படித்தான். உள்ளே இருக்கும் காற்று அழுத்தத்தில் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் டீசலைப் பீச்சினா தானாகவே பற்றிக்கும்.

இப்போ ஊட்டிக்கு வாங்க. எஞ்சின் இரும்பு முழுக்க சில்லுனு இருக்கு. அழுத்தத்தில் பிறக்கிற சூட்டை அந்த இரும்பே உறிஞ்சிடுது. அதோட 2,200 மீட்டர் உயரத்தில் காற்றும் மெலிசு, அழுத்துவதற்கே உள்ளே கம்மியாத்தான் இருக்கும். அதனால் குளிர்கால ஸ்டார்ட்டிங் பிரச்னையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: சூடு எங்கே போகுது?

முதலில் புகையைப் பாருங்க. வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகுது, எரியலைன்னு அர்த்தம். புகையே இல்லைன்னா டீசலே போய்ச் சேரலை.

புகை வந்தால் அடுத்து பேட்டரி. குளிரில் பேட்டரியின் பலம் குறையும், எஞ்சின் ஆயிலும் கெட்டியாகும். செல்ஃப் மெதுவா சுத்தினா அழுத்தும் காற்றில் போதுமான சூடு பிறக்காது.

அடுத்து குளோ பிளக். ஸ்டார்ட் பண்ணும் முன் எரிப்பு அறையைச் சூடாக்கித் தரும் சின்னக் கம்பி இது. மெக்கானிக்குகள் ஹீட்டர் பிளக்னும் சொல்வாங்க. சமவெளியில் இது செத்துப்போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிடும். மலையில்தான் குட்டு வெளிப்படும். டேஷ்போர்டில் சுருள் விளக்கு அணையும்வரை காத்திருந்து செல்ஃப் அடிங்க. அப்பவும் பிடிக்கலைன்னா ஒவ்வொரு பிளக்கையும் மல்டிமீட்டரில் சோதிக்கச் சொல்லுங்க.

ஒரு நிமிடம் ஓடிய எஞ்சின்

டீசலுக்கும் எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் ஆகிடலை. 1893 ஆகஸ்ட் 10ல் ஆக்ஸ்பர்க் ஆலையில் நடந்த முதல் சோதனையில் அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. 1894 பிப்ரவரி 17ல்தான் எஞ்சின் முதல்முறையாகத் தானே ஓடியது. அதுவும் சுமார் ஒரு நிமிடம். சரியாக மூன்று வருஷம் கழிச்சு, 1897 பிப்ரவரி 17ல் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்தபோது, எரிபொருளின் ஆற்றலில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. அன்றைய நீராவி எஞ்சின்களால் நெருங்க முடியாத அளவு இது.

வெப்பத்தை வீணாக்காததுதான் இந்த எஞ்சினின் பெருமை. கேபின் ஹீட்டரோ வீணாகும் வெப்பத்தை நம்பித்தான் இருக்கு! கூலன்ட்டில் சேரும் சூட்டைத்தான் அது உள்ளே அனுப்பும். டீசல் வண்டி நின்ன இடத்தில் ஐடிலிங்கில் ஓடினா சூடாக ரொம்ப நேரமாகும். இது கோளாறு இல்லை.

ஆனால் 20 நிமிஷம் ஓட்டியும் டெம்பரேச்சர் முள் ஏறலைன்னா தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படுங்க. எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வு அது. நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லைன்னு சிலர் அதைக் கழட்டியே போட்டுடுவாங்க. அப்படிச் செய்த வண்டி மலையில் சூடேறாது. ஹீட்டர் வேலை செய்யாது, மைலேஜ் குறையும், இழுவை போகும். முள் சரியா ஏறியும் காத்து சூடாகலையா? எஞ்சின் நல்லா ஆறின பிறகு கூலன்ட் அளவைப் பாருங்க. அது சரின்னா ஹீட்டர் குழாயில் காத்து அடைப்போ, ஹீட்டர் கோர் அடைப்போ இருக்கலாம்.

கடலை எண்ணெயில் ஓடியது, டீசலில் ஓடாதா?

1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயிலேயே ஓடிக் காட்டியது. ஆனால் இந்த எஞ்சினுக்கு எரிபொருள் உள்ளே ஒழுங்காகப் பாய்ந்து வரணும். அங்கேதான் கடும் குளிர் வேலையைக் காட்டும். டீசலில் மெழுகு இருக்கு. அது உறைந்து ஃபில்டரை அடைச்சா, ஸ்டார்ட் ஆன வண்டியும் வழியில் திணறி நிற்கும். லடாக் பகுதிக்காக இந்தியன் ஆயில் 2019ல் தனி குளிர்கால டீசலே கொண்டு வந்தது. மைனஸ் 33 டிகிரியிலும் அது உறையாது.

ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு அவ்வளவு பயம் தேவையில்லை. கிளம்பும் முன் டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடிச்சாலே பாதிப் பிரச்னை தீரும். காஷ்மீர், இமாச்சல் போற லாரி, பிக்கப்காரங்க அந்தப் பகுதி பங்க்கிலேயே டேங்க்கை நிரப்புவது நல்லது. மண்ணெண்ணெய் கலக்காதீங்க, பிஎஸ் 6 வண்டியின் பம்ப்பும் இன்ஜெக்டரும் காலி. டேங்க்குக்கு அடியில் தீ மூட்டும் வேலை வேண்டவே வேண்டாம், உயிருக்கே ஆபத்து.

கப்பலில் காணாமல் போனவர்

உரிமைத் தொகையாகப் பெரும் பணம் பார்த்தவர் டீசல். காப்புரிமை வழக்குகளும் தவறான முதலீடுகளும் அதைக் கரைத்தன, உடம்பும் கெட்டது. 1913 செப்டம்பர் 29ல் ஆன்ட்வெர்ப்பில் இருந்து இங்கிலாந்துக்கு டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இரவு சாப்பாடு முடிந்து அறைக்குப் போனார். காலையில் படுக்கை கலையாமல் இருந்தது, ஆளைக் காணோம். அக்டோபர் 10ல் ஒரு டச்சுப் படகு கடலில் ஒரு உடலைக் கண்டது. உடைமைகளை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். அந்தப் பொருட்களை அடையாளம் காட்டியவர் அவருடைய மகன். 55 வயதில் முடிந்த வாழ்க்கை. தற்கொலையா, விபத்தா, கொலையா என்பது இன்னைக்கும் முடிவாகாத கேள்வி.

டீசல் லாரி சாலைக்கு வந்தது 1920களில்தான். அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கலை. இன்னைக்கு வண்ணார்பேட்டை வழியா போற பஸ், லாரி, பிக்கப் என்று பெரும்பாலானவை அவர் போட்ட அந்தக் கணக்கில்தான் ஓடுது.

அடுத்த முறை மலையில் வண்டி மக்கர் பண்ணினா, செல்ஃபை விடாம அடிச்சு பேட்டரியைக் காலி பண்ணாதீங்க. புகை, பேட்டரி, குளோ பிளக், ஃபில்டர், தெர்மோஸ்டாட்னு ஒவ்வொண்ணா பாருங்க. சூடு எங்கே போகுதுன்னு கண்டுபிடிச்சா, கோளாறும் கிடைச்சிடும்.