கிழங்குக்கு விலை கேட்டவர்

நீலகிரி உருளைக்கிழங்கின் விலை நீலகிரியில் தீர்மானிக்கப்பட்டதில்லை. மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் மண்டிகளே அதைத் தீர்மானித்தன. விதைக்கும் உரத்துக்கும் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கிய விவசாயி, விளைச்சலையும் அவரிடமே கொண்டுசென்றாக வேண்டும். எடை போடுபவர் அவர். விலை சொல்பவர் அவர். தரகையும் கழிவையும் பிடித்துக்கொண்டு மீதியைக் கணக்கெழுதித் தருபவரும் அவரே. 1930-களில் இந்தப் பிடியைத் தளர்த்த முனைந்தவர் ராவ் பகதூர் ஆரி கவுடர்.

குன்னூரை அடுத்த உபதலையில் 1893 டிசம்பர் 4 அன்று, படகர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை பெள்ளி கவுடர், மலை ரயில் பாதைப் பணியில் ஒப்பந்ததாரராக இருந்தவர். 1899-ல் குன்னூர் வரை வந்த ரயில், 1908-ல் உதகையை எட்டியது. மலைக்கும் சமவெளிச் சந்தைக்கும் இடையிலான தூரம் சுருங்கிய காலத்தில் வளர்ந்த மகனுக்குச் செல்வத்தோடு கல்வியும் வாய்த்தது. படகர்களில் முதல் பட்டதாரி அவர்தான்.

இரட்டையாட்சிக் காலத்தில் சென்னை மாகாணச் சட்டசபைக்குச் சென்ற அவர், நெடுங்காலம் நீலகிரியின் குரலாக அங்கே இருந்தார். மலைக் கிராமங்களைச் சீரழித்த மதுவுக்கு எதிராகவும் நின்றார். ஆனால், அவரை அங்கே அனுப்பியவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே அன்று வாக்குரிமை. மாயாற்றங்கரையில் தெப்பக்காட்டு யானைகளோடு வாழ்ந்த குறும்பர்களும் காட்டுநாயக்கர்களும் அந்தக் கணக்கில் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஒரே மாவட்டம்தான், ஆனால், மேட்டுநில விவசாயிக்குக் கிடைத்த பிரதிநிதி, வடக்கெல்லைக் காட்டுக்குக் கிடைக்கவில்லை. இது ஆரி கவுடரின் தனிப்பட்ட குறையன்று. அவரை உருவாக்கிய அமைப்பின் எல்லை.

1933-ல் ஹங்கேரியின் கோடோலோவில் நடந்த உலகச் சாரணர் பெருந்திரளுக்கு இந்திய அணியைத் தலைமையேற்று அழைத்துச் சென்றார். உபதலையிலிருந்து ஐரோப்பா வரை சென்ற அந்தப் பயணத்தைப் படகர்கள் பெருமையோடு நினைவுகூர்வது இயல்பே. எனினும், ஈராண்டு கழித்து அவர் தொடங்கிய காரியமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1935-ல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் உருவானது. மலை மக்கள் அதை ‘என்.சி.எம்.எஸ்.’ என்றே அழைக்கிறார்கள். சட்டசபையில் மண்டிகளைக் கண்டித்துப் பேசியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். கிழங்கு மூட்டை அதே தராசில்தான் ஏறியிருக்கும். சங்கம் செய்தது வேறு. விவசாயியின் சரக்கைத் திரட்டி, மேட்டுப்பாளையத்திலேயே, மண்டிகளின் கண்ணெதிரே ஏலத்துக்கு வைத்தது. பலர் போட்டியிட்டு விலை கேட்கும் இடத்தில் ஒருவரே விலை சொல்ல முடியாது. உரத்துக்காக மண்டிக்காரரிடம் கைகட்டி நிற்கும் நிலையையும் அது மாற்ற முயன்றது. கடன் இருக்கும்வரை ஏலத்தால் மட்டும் விடுதலை இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மண்டிகள் மறைந்துவிடவில்லை. ஆனால், விற்க இன்னொரு வாசல் இருக்கிறது என்பதே பேரத்தின் தொனியை மாற்றப் போதுமானதாக இருந்தது. பல்லாண்டுகள் அச்சங்கத்தின் தலைவராக அவரே நீடித்தார். ஒருவரே இத்தனை காலம் தலைமையில் இருப்பது கூட்டுறவுக்கு நல்லதா என்ற கேள்வி நியாயமானதுதான்.

1971 ஜூன் 28 அன்று அவர் மறைந்தார். சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆனால், பலகையில் ‘ஆரிய கவுடா’ என்று அது திரிந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் சங்கத்தின் ஏலம் இன்றும் நடக்கிறது.